பிறர் பணம்



இருபது நாட்களுக்கு முன்பு ஓர் அன்னையாரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. இன்லேண்டு தாளின் எல்லாப் பக்கங்களையும் நிறைத்து, இடம் போதாமல் ஓரங்களிலும் நுணுக்கி எழுதியிருந்தார். வயது 78. அவருடைய மகள் வயிற்றுப் பேரன், ஏழு வயது முதல் அவரிடமே வளர்ந்தவன், வாகனக் கடன் தரும் நிதி நிறுவனம் ஒன்றில் தவணை வசூலிக்கும் பணியில் இருந்திருக்கிறான். வசூலான பணத்தில் ஒரு பகுதியை எட்டு மாத காலம் கணக்கில் கட்டாமல் தானே எடுத்துக்கொண்டிருக்கிறான். நிறுவனம் புகார் கொடுத்தது. இப்போது சிறையில் இருக்கிறான். விரைவில் ஜாமீன் கிடைக்கும் என்று வழக்கறிஞர் கூறியிருக்கிறாராம்.

நெற்றியில் திருநீறு இல்லாமல் அவன் வாசற்படி தாண்டியதில்லை என்றும், பிரதோஷத்தன்று கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை என்றும் எழுதிவிட்டு, அந்த அம்மையார் சில கேள்விகள் கேட்டிருந்தார். “அவன் தகப்பன் வழியில் ஒருவர் இப்படித்தான் ஊர்ப்பணத்தை எடுத்துக்கொண்டு போனார். அந்த இரத்தமா? நான் கண்டித்து வளர்க்கவில்லையா? கூடாத சேர்க்கையா? முன்வினை என்றால் அது அவன் வினையா, என் வினையா?” கடைசி வரியில், அவன் வீடு திரும்பியதும் இதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை என்று குடும்பத்தில் முடிவு செய்திருப்பதாகவும் குறிப்பிட்டிருந்தார். பெயரும் ஊரும் இல்லாமல் இப்பகுதியில் எழுதலாம் என்று அவரே அனுமதி தந்திருக்கிறார்.

முன்வினை பற்றிச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அதனை இவ்விதழில் எழுதும் பெரியோர்களிடம் விட்டுவிடுகிறேன். மனம் ஒப்பாமலே மனிதன் ஏன் பாவம் செய்கிறான் என்பது கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அர்ச்சுனனே கேட்ட கேள்வி. அதற்கு விளக்கம் சொல்ல நான் யார்? ஆனால் 34 ஆண்டுகள் பிறர் பணத்தை எண்ணிப் பிழைத்தவன் என்ற முறையில் ஏனைய மூன்று கேள்விகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியும். அவற்றை அந்த அம்மையார் மட்டும் கேட்கவில்லை. மேல்நாட்டு அறிஞர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக இதே மூன்றையும், ஏறத்தாழ இதே வரிசையில் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் இரத்தம். இத்தாலி நாட்டில் செசாரே லொம்ப்ரோஸோ என்றொரு மருத்துவர் இருந்தார். வில்லெல்லா என்னும் கைதியின் மண்டை ஓட்டைச் சோதித்தபோது அதன் பின்புறத்தில் ஒரு குழியைக் கண்டார். அத்தகைய குழி தாழ்ந்த விலங்குகளிடம் காணப்படுவது என்றும், குற்றவாளி என்பவன் மனித வளர்ச்சியில் பின்தங்கிப் பிறந்தவன் என்றும் முடிவு கட்டினார். 1876ஆம் ஆண்டு அவர் எழுதிய நூல் ஐரோப்பா முழுவதும் பரவியது. பெரிய தாடை, நீண்ட கை, காதின் அமைப்பு என்று திருடனுக்கும் கொலைகாரனுக்கும் அங்க அடையாளங்கள் வகுத்தார். நம் ஊரில் சாமுத்திரிகா லட்சணம் பார்ப்பதைக் கேலி செய்யும் படித்தவர்கள், இதனை விஞ்ஞானம் என்று ஏற்றுக்கொண்டார்கள்! இங்கிலாந்துச் சிறைகளில் மருத்துவராக இருந்த சார்லஸ் கோரிங் என்பவர், ஏறத்தாழ 3,000 கைதிகளின் உடல் அளவுகளை எடுத்துச் சிறைக்கு வெளியே உள்ளவர்களின் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு எதுவும் இல்லை என்று 1913இல் எழுதிய பிறகுதான் அந்தக் கொள்கையின் வலிமை குறைந்தது. வில்லெல்லாவின் மண்டை ஓடு தூரின் நகரத்து அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. அதே அருங்காட்சியகத்தில் லொம்ப்ரோஸோவின் எலும்புக்கூடும் நிற்கிறது. அவர் விரும்பி எழுதி வைத்தபடி நடந்ததுதான் அது.

இது எங்கோ இத்தாலியில் நடந்த கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. லொம்ப்ரோஸோவின் நூல் வெளிவருவதற்கு ஐந்தாண்டுகள் முன்னதாகவே, 1871இல், ஆங்கில அரசு நம் நாட்டில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. ஒரு சமூகத்தில் பிறந்துவிட்டாலே அவன் குற்றவாளி. பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். ஊரை விட்டு வெளியே போகச் சீட்டு வாங்க வேண்டும். 1911இல் அச்சட்டம் விரிவாக்கப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. ஆண்கள் இரவு நேரத்தில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. பகலெல்லாம் வயலில் உழுதவன் இரவில் மனைவி மக்களோடு இருக்கக் கூடாது. காரணம், அவன் பிறப்பு. மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் மக்கள் கைரேகை வைக்க மறுத்தார்கள். காவல்துறை சுட்டது. பலர் உயிரிழந்தனர், அவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும்தான் ஒழிந்தது. இரத்தத்தில் குற்றம் ஓடுகிறது என்னும் பேச்சுக்கு நம் தமிழ் மண்ணில் கொடுத்த விலை அது. ஆகவே அம்மா, பேரனின் தகப்பன் வழி உறவினரை இந்த வழக்கில் இழுக்க வேண்டியதில்லை.

அடுத்தது வளர்ப்பும் வறுமையும். வளர்ப்பைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. ஏழு வயதுப் பிள்ளையை வாங்கிக்கொண்டு, விதவைப் பென்ஷனில் பட்டப்படிப்பு வரை படிக்க வைத்த ஒருவரிடம் வளர்ப்பைப் பற்றிக் கேள்வி கேட்க எவருக்கு உரிமை இருக்கிறது? வறுமைதான் குற்றத்தின் தாய் என்பதை நம்மில் பலர் நம்புகிறோம். 1938இல் அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் மெர்ட்டன் இதனைச் சற்று நுட்பமாகச் சொன்னார். வறுமை மட்டும் காரணமன்று. எல்லாரும் செல்வம் ஈட்டியே தீர வேண்டும் என்று ஒரு சமூகம் ஓயாமல் சொல்லிக்கொண்டே, ஈட்டும் நேர்வழியைச் சிலருக்கு மட்டும் திறந்து வைத்திருந்தால், மற்றவர்களில் சிலர் குறுக்கு வழியில் நுழைவார்கள் என்றார். இன்றைய தொலைக்காட்சி விளம்பரங்களைப் பார்க்கும்போது அவர் சொன்னதில் உண்மை இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அடுத்த ஆண்டே எட்வின் சதர்லாந்து என்னும் இன்னொரு பேராசிரியர், பிலடெல்பியாவில் கூடிய சமூகவியலார் மாநாட்டில் தலைமையுரை ஆற்றியபோது ஒரு கேள்வியைப் போட்டார். வறுமைதான் காரணமென்றால், வயிறு நிறைந்தவர்கள் செய்யும் குற்றத்துக்கு என்ன காரணம்? அதற்கு ‘வெள்ளைக் காலர் குற்றம்’ என்று அவர் வைத்த பெயரைத்தான் இன்று உலகமே வழங்குகிறது. சொன்னதோடு விடாமல் அமெரிக்காவின் மிகப் பெரிய நிறுவனங்கள் 70ஐ எடுத்துக்கொண்டு, நீதிமன்றங்களும் அரசு அமைப்புகளும் அவற்றுக்கு எதிராக அளித்த தீர்ப்புகளை எண்ணினார். மொத்தம் 980. நிறுவனம் ஒன்றுக்குச் சராசரி 14! அந்நூல் 1949இல் வந்தபோது நிறுவனங்களின் பெயர்களை நீக்கிவிட்டுத்தான் அச்சிட முடிந்தது. பெயர்களோடு கூடிய முழு நூல் 1983இல் வந்தது. ஆசிரியர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. வங்கியில் பெருங்கடன் கோப்புகளைப் பார்த்த எனக்கு இதில் பெரிய வியப்பு ஏற்படவில்லை.

சதர்லாந்தின் சொந்தக் கொள்கை எது என்றால், நம் வீடுகளில் ‘சேர்க்கை சரியில்லை’ என்று இரண்டே சொற்களில் சொல்லிவிடுவோமே, அதுதான். குற்றம் பிறப்பில் வருவதன்று; நெருங்கிப் பழகுவோரிடமிருந்து கற்றுக்கொள்வது. எப்படிச் செய்வது என்பதை மட்டும் கற்றுக்கொள்வதில்லை. செய்ததை எப்படி நியாயப்படுத்திக்கொள்வது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர் கருத்து. பொருத்தமான கொள்கைதான். பல வழக்குகளில் நானும் இதைக் கண்டிருக்கிறேன். ஆயினும் என் மனத்தில் இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு வழக்குக்கு அது பொருந்தவே இல்லை.

அந்த வழக்கைச் சொல்கிறேன். வங்கியின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம்.

1987ஆம் ஆண்டு. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் எனக்கு முதன்முதலாகக் கிளை மேலாளர் பொறுப்பு. கணினி வராத காலம். லெட்ஜர், டே புக், சலான் எல்லாம் கையெழுத்துத்தான். எங்கள் காசாளர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். வெற்றிலை, புகையிலை, சினிமா, சீட்டாட்டம் ஒன்றும் கிடையாது. தெருவில் அவருக்குத் ‘தருமர்’ என்றே பட்டப்பெயர். பல ஆண்டுகளாக அவர் விடுப்பே எடுத்ததில்லை. தாயாரின் திதியன்று கூடக் காலையில் கடமையை முடித்துவிட்டுப் பத்து மணிக்குக் கூண்டில் உட்கார்ந்துவிடுவார். அவருடைய ஆண்டறிக்கையில், ‘ஓய்வறியாத உழைப்பாளி’ என்று நானே என் கையால் எழுதினேன்.

அவருக்கு மஞ்சள் காமாலை கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நான்காம் நாள், பால் விற்கும் மூதாட்டி ஒருவர் பாஸ் புத்தகத்தோடு வந்தார். பேத்தி திருமணத்துக்குப் பணம் எடுக்க வேண்டும். லெட்ஜரைப் பார்த்தால் அவர் கட்டியதாகச் சொல்லும் 1,500 ரூபாய் இல்லை. “கட்டினேனே சாமி” என்று சுருக்குப் பையைத் திறந்து, மடித்து மடித்துக் கசங்கிய சலான் அடிக்கட்டையை எடுத்து என் மேசைமேல் வைத்தார். எங்கள் முத்திரை, எங்கள் காசாளரின் கையெழுத்து. எனக்குக் கை நடுங்கியது.

பிறகு ஒவ்வொன்றாக வெளிவந்தது. எப்போதோ ஒருமுறை வரும் கிராமத்து வாடிக்கையாளர்கள் கட்டும் பணத்தில் சில சலான்கள் லெட்ஜருக்குப் போகாமலே நின்றுவிட்டிருந்தன. அந்த வாடிக்கையாளர் பாஸ் புத்தகம் பதிய வரும் சமயம் நெருங்கும்போது, வேறொருவர் கட்டிய பணத்தை எடுத்து இவர் கணக்கில் வரவு வைத்துவிடுவார். ஓர் ஓட்டையை அடைக்க இன்னோர் ஓட்டை. இதற்கு நாள்தோறும் காவல் இருந்தே ஆக வேண்டும். அவர் விடுப்பு எடுக்காததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வங்கிகளில் முக்கியப் பொறுப்பில் உள்ளவர்கள் ஆண்டில் சில நாட்களாவது கட்டாயமாக விடுப்பில் போக வேண்டும் என்று விதி வைத்திருப்பதன் பொருளும் அதுதான். மொத்தத் தொகை 38,400 ரூபாய்.

எதற்காக? அவர் வங்கி விதிக்கு மாறாக, வெளியில் ஓசைப்படாமல் இருபது பேரைச் சேர்த்து ஒரு சீட்டு நடத்தியிருக்கிறார். முதலில் ஏலம் எடுத்த இருவர் ஊரை விட்டே போய்விட்டார்கள். மற்றவர்களுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் சொன்னால் சீட்டு நடத்தியதே குற்றம். வீட்டில் சொன்னால், ஆரம்பத்திலேயே வேண்டாம் என்று தடுத்தவர் அவர் மனைவி. தெருவில் சொன்னால், தருமர் என்ற பெயர் என்னாவது?

பணிநீக்க ஆணைக்கு முன்பு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். போகக் கூடாது என்பது விதி, போனேன். கறுப்பு அட்டை போட்ட சிறிய டைரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். யார் யார் பணம், எந்தத் தேதியில், எவ்வளவு என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தது. பக்கத்தின் தலைப்பில் ‘கடன்’ என்று இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, வங்கி தரும் அதே சேமிப்பு வட்டியை அரையாண்டுக்கு ஒருமுறை கணக்கிட்டுச் சேர்த்திருந்தார்! கூட்டலில் ஒரு பிழை இல்லை.

“உங்கள் சேமநல நிதியில் இதைவிட அதிகப் பணம் இருக்கிறதே. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரே வாரத்தில் கடன் வாங்கித் தந்திருப்பேனே” என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை. “கேட்டிருந்தால், எதற்கு என்று கேட்டிருப்பீர்கள் சார்” என்றார்.

பத்து ஆண்டுகள் கழித்து நான் ஆய்வுத் துறைக்கு மாற்றப்பட்டேன். பயிற்சிக்காகச் சென்ற இடத்து நூலகத்தில்தான் டொனால்ட் கிரெஸ்ஸி என்பவரைப் பற்றி அறிந்தேன். அவர் சதர்லாந்தின் மாணவர். நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடியதற்காக இல்லினாய் மாநிலத்து ஜோலியட் சிறையிலும் வேறு இரு சிறைகளிலும் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தவர்கள் நூறு பேருக்கு மேல் கண்டு, ஒவ்வொருவரிடமும் மணிக்கணக்கில் பேசியவர். அதன் பயனாக 1953இல் அவர் எழுதிய நூலின் பெயர் ‘பிறர் பணம்’. இக்கட்டுரைக்கு நான் வைத்திருக்கும் தலைப்பும் அவரிடம் வாங்கியதுதான்.

அவர் செய்த முறை எனக்குப் பிடித்திருந்தது. முதலில் ஆசிரியரின் கொள்கையை ஒட்டி, இவர்கள் உடன் பணிபுரிவோரிடமிருந்து இது பெரிய தவறில்லை என்று கற்றிருப்பார்கள் என எண்ணினார். கைதிகளே அதை மறுத்தார்கள். தவறு என்று நன்றாகத் தெரிந்துதான் செய்தோம் என்றார்கள். சரி, பண நெருக்கடிதான் காரணம் என்று மாற்றிக்கொண்டார். அதற்கும் எதிர்ச்சான்று கிடைத்தது. இதைவிடப் பெரிய நெருக்கடி முன்பு வந்தபோது நான் ஒரு காசு தொடவில்லையே என்றார்கள் சிலர். பொருந்தாத ஒரு கைதி கிடைத்தாலும் கொள்கையைத் திருத்தினார். இறுதியில் எஞ்சியது இதுதான்: அந்தப் பண நெருக்கடி வெளியே சொல்ல முடியாததாக இருக்க வேண்டும். சொன்னால் தீர்வு கிடைக்கும். ஆனால் சொல்ல வாய் வராது. இரண்டாவதாக, தன் கையிலிருக்கும் பொறுப்பைப் பயன்படுத்தி அதனை ஓசையில்லாமல் தீர்த்துவிடலாம் என்பது புலப்பட வேண்டும். மூன்றாவதாக, தன்னை நேர்மையானவன் என்று தொடர்ந்து எண்ணிக்கொள்ள உதவும் ஒரு சொல் வேண்டும். அவர் கண்ட கைதிகள் பலர் பயன்படுத்திய சொல், ‘கடன்’. திருடவில்லை, கடன் வாங்கினேன், திருப்பி வைத்துவிடுவேன்.

நூலகத்தில் அமர்ந்து அதைப் படித்தபோது அந்தக் கறுப்பு டைரி என் கண்முன் நின்றது. அமெரிக்காவில் நான் பிறப்பதற்கு முன் கண்டறியப்பட்ட உண்மை, எங்கள் ஆற்றங்கரைக் கிளையில் அத்தனை காலம் என் மேசைக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தது. பின்னாளில் தணிக்கையாளர்கள் இம்மூன்றையும் ஒரு முக்கோணமாக வரைந்து எல்லாப் பயிற்சிகளிலும் காட்டினார்கள். அதில் நிர்வாகத்தின் கைக்கு எட்டுவது வாய்ப்பு என்ற ஒரு பக்கம் மட்டுமே என்பதால், பூட்டுக்கு இரண்டு சாவி, சாவிக்கு இரண்டு ஆள், கட்டாய விடுப்பு என்று அதனையே இறுக்கினோம். அது தேவைதான், நானே பல கிளைகளில் இறுக்கியிருக்கிறேன். மற்ற இரண்டு பக்கங்களைப் பற்றி எங்கள் சுற்றறிக்கைகளில் ஒரு வரியும் வந்ததில்லை.

கிரெஸ்ஸி சொன்னதை அப்படியே வேதவாக்காகக் கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிறையில் இருப்பவன் தனக்குச் சாதகமாகத்தான் பேசுவான் என்று பின்வந்தோர் குறை கூறியதிலும் நியாயம் உண்டு. எந்த நெருக்கடியும் இல்லாமல், வெறும் ஆசையினால் எடுத்தவர்களையும் நான் விசாரித்திருக்கிறேன். வள்ளுவர் கள்ளாமையைத் துறவறவியலில் வைத்தாலும், பிறர் பொருளுக்கு ஆசைப்படாமையைக் கூறும் வெஃகாமையை இல்லறவியலிலேயே வைத்திருக்கிறார். குடும்பஸ்தனுக்குத்தான் அந்தச் சோதனை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த மூன்றாவது பக்கம், அதாவது தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்ளும் சொல், நமக்குப் புதியதன்று. உபந்நியாசங்களில் நாம் கேட்டுக் கேட்டு வளர்ந்த வால்மீகியின் முற்கதையை நினைத்துப் பாருங்கள். (வால்மீகி ராமாயணத்தில் அந்தக் கதை இல்லை, பிற்கால நூல்களில்தான் வருகிறது. எதிர்ப்பட்டவர் நாரதர் என்றும் சப்தரிஷிகள் என்றும் இரு விதமாகச் சொல்வதுண்டு.) வழிப்பறி செய்பவன் முன்னால் நின்ற அந்தப் பெரியவர்கள் அவன் குலத்தைக் கேட்கவில்லை, தாடையை அளக்கவில்லை. குடும்பத்துக்காகச் செய்கிறேன் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஒரு சமாதானத்தையே சோதித்துப் பார்க்க வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்தப் பாவத்தில் பங்கு ஏற்பீர்களா என்று அவன் கேட்டான். மனைவி மக்கள் மறுத்தார்கள். அதன்பிறகு அவன் கையில் ஆயுதம் நிற்கவில்லை. குடும்பத்தாரிடம் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டதே அதுதான் முதல்முறை என்பதை நான் சிறுவயதில் கவனித்ததில்லை.

அந்த அம்மையார் நேரிடையாகக் கேட்காவிட்டாலும் கடிதத்தில் வரிக்கு வரி ஒளிந்திருக்கும் இன்னொரு கேள்வி, அவன் இனித் திருந்துவானா என்பது. இதற்கும் ஓர் ஆராய்ச்சி உண்டு. அமெரிக்காவில் க்ளூயெக் தம்பதியர் பாஸ்டன் பகுதியில் சீர்திருத்தப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்ட 500 சிறுவர்களை 14 வயதில் தொடங்கி 32 வயது வரை பின்தொடர்ந்து குறிப்புகள் எடுத்தனர். அந்தக் காகிதப் பெட்டிகள் ஹார்வர்டு சட்டக் கல்லூரி நூலகத்தின் நிலவறையில் கேட்பாரற்றுக் கிடந்தன. 1980களில் ஜான் லாப், ராபர்ட் சாம்ப்சன் என்ற இருவர் அவற்றைக் கண்டெடுத்து, அந்தச் சிறுவர்களின் வாழ்க்கையை 70 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். முதியவர்களாகிவிட்ட 52 பேரை நேரிலேயே கண்டு பேசினார்கள். சிறுவயதில் யார் எப்படி இருந்தான் என்பதை வைத்துக்கொண்டு, முதுமையில் யார் எப்படி இருப்பான் என்று சொல்லவே முடியவில்லை. பெரும்பாலோர் நாளடைவில் குற்றத்தை விட்டுவிட்டார்கள். நல்ல மனைவி, நிலையான வேலை, இராணுவப் பணி இவையே பலருடைய வாழ்க்கையைத் திருப்பியிருந்தன. இவை மூன்றிலும், அவனை நாள்தோறும் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்க ஒருவர் இருக்கிறார்.

எங்கள் காசாளருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. பால்காரப் பாட்டிக்கு வங்கி வட்டியோடு பணத்தைக் கொடுத்தது. அவர் வாங்கிக்கொண்டு அன்றே கணக்கையும் முடித்துவிட்டார். மீண்டும் எந்த வங்கிப் படியும் ஏறவில்லை என்று கேள்விப்பட்டேன். குற்றம் செய்தவரைப் பற்றி இவ்வளவு எழுதும்போது அந்த அம்மாவை மறந்துவிடக் கூடாது. அவர் பேத்தியின் திருமணம் அந்த மாதம் நடக்கவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நெல் மண்டியில் காசாளரைப் பார்த்தேன். கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். முடி முழுவதும் நரைத்திருந்தது. மண்டி முதலாளிக்கு எல்லாம் தெரியும் என்றும், மாலையில் இருவரும் சேர்ந்துதான் பெட்டியை எண்ணுவார்கள் என்றும் சொன்னார். எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். நான் காசு கொடுக்க முற்பட்டபோது விடவில்லை.

அம்மா, பணத்தைத் திருப்பிக் கட்டுவது பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள். கட்டிவிட்டால் குற்றம் இல்லையென்று ஆகிவிடாது. ஆயினும் நீதிமன்றம் அதனைக் கருத்தில் கொள்ளும். அவன் எடுத்தது யார் யாருடைய தவணை என்று அவனையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர்கள் கட்டிய தவணை நிறுவனத்தின் கணக்கில் வரவாகிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். அவர்கள் வண்டியை நம்பிப் பிழைப்பவர்களாக இருக்கலாம்.

வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்திருப்பதைப் பற்றி. உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். எட்டு மாதம் பணம் எடுத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எட்டு மாதத்துக்கு முந்தைய மாதத்தில் அவனுக்கு என்ன நேர்ந்தது என்று அதில் எங்குமே இல்லை. அவன் வந்து, குளித்துச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் தூங்கி எழுந்த பிறகு, அதைக் கேளுங்கள்.